ஃபெண்டர் ஆம்ப்புக்கு பவர் டிரான்ஸ்ஃபார்மர் தேடி அலைந்த நாலு மாசம்

என் கிட்டார் ஆம்ப்பிலிருந்து (ஆம்ப்ளிஃபையர்) புகை வந்தது இருபது விநாடிதான் இருக்கும். அதைத் திரும்பப் பாட வைக்க நாலு மாசமும் 17,400 ரூபாயும் போனது. அதில் பாதிக்கு மேல் தேவையே இல்லாமல் போன காசு. முன்னாலேயே யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு மாசத்தில், நாலாயிரத்துச் சொச்சத்தில் முடிந்திருக்கும். அந்த நாலு வார்த்தையைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஆம்ப், 70களின் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப். டிரான்சிஸ்டரில் அல்ல, கண்ணாடி வால்வுகளில் ஓடுவது. அமெரிக்காவில் இருந்த சொந்தக்காரர் வீட்டைக் காலி செய்தபோது கூடவே சென்னைக்கு வந்தது. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மட்டும். அதற்கு நான் மாட்டியது, பயணத்துக்கென்று விற்கும் 1,600 வாட் 'கன்வெர்ட்டர்'. கைக்குள் அடங்கும், அரைக் கிலோ கூட வராது. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்தக் குட்டி டப்பாவுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. தைரிஸ்டர் என்ற மின்னணு ஸ்விட்சை வைத்து 230 வோல்ட் அலையை வெட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஹேர் ட்ரையர், இஸ்திரிப்பெட்டி மாதிரி சூடாக்கும் சாமானுக்கு அது போதும். ஆனால் அலையின் உச்சம் 300 வோல்ட் பக்கம்தான் நிற்கும். ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் கோர் (சுற்றுகளுக்கு நடுவே இருக்கும் இரும்பு) அதில் காந்தம் நிறைந்து போய் கரண்டை அள்ளி இழுக்கும். 230-ஐ 110 ஆக்கும் உண்மையான 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் இரண்டு, மூன்று கிலோவாவது கனக்க வேண்டும். தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும், படிக்கக்கூட வேண்டாம்.

அப்படியே இழுத்தாலும் ஃப்யூஸ் போயிருக்க வேண்டும். இந்த ஆம்ப்புக்கு 2 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ, அதாவது கணநேர இழுப்பைத் தாங்கும் ஃப்யூஸ். என்றைக்கோ யாரோ அதில் 10 ஆம்பியர் போட்டு வைத்திருந்தார்கள். வந்த அன்றே மூடியைத் திருகிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. பழைய வால்வு ஆம்ப் எது கைக்கு வந்தாலும் பிளக்கைச் சொருகுவதற்கு முன் ஃப்யூஸைக் கழற்றி, மூடியில் இருக்கும் எண்ணை வாசியுங்கள்.

புகை வந்ததும் டிரான்ஸ்ஃபார்மர் போச்சு என்று முடிவு கட்டுவதும் தப்பு. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வு ஷார்ட் ஆனாலும், அந்த டிசியைச் சீராக்கும் முதல் ஃபில்டர் கெபாசிட்டர் ஷார்ட் ஆனாலும், பவர் வால்வான 6வி6 ஒன்று உள்ளே உட்கார்ந்துபோனாலும் அறிகுறி ஒன்றுதான்: ஃப்யூஸ் போகும், கருகல் வாசம் வரும். பிரித்துப் பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனைக்கும் சேஸிஸுக்கும் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) நடுவே 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பால் அரை நிமிஷம் பிடித்து, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகுதான் உள்ளே கை. இந்த ஆம்ப்பில் அங்கே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். அணைத்துவிட்டால் போய்விடும் என்று நம்பக்கூடாது. பிறகு எல்லா வால்வையும் கழற்றி, சீரீஸ் பல்பு வழியாகக் கரண்ட் கொடுங்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் அதே டெஸ்ட் போர்டுதான். குண்டு பல்பாக இருக்க வேண்டும், எல்இடி ஆகாது. 60 வாட் போதும். ஒரு துடி துடித்து அணைந்தால் டிரான்ஸ்ஃபார்மர் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் செகண்டரி (கரண்ட் வெளியே எடுக்கும் சுற்று) ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி பாருங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் பல்பு எரிந்தால் உள்ளே சுற்றுகள் ஒட்டிவிட்டன, சந்தேகமே இல்லை. 120 வோல்ட் ஆம்ப்பை ஸ்டெப்-டவுன் வழியாகச் சோதிக்கும்போது ஒரு குழப்பம் வரும்: நம் 230 வோல்ட் பல்பு அந்த 110-ல் முழு ஷார்ட்டிலேயே மங்கலாகத்தான் எரியும். அதனால் முதலில் பல்பை மட்டும் அந்த 110-ல் நேராக மாட்டி, முழு வெளிச்சம் எவ்வளவு என்று கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஓம் மீட்டரை இதற்கு நம்ப வேண்டாம். பிரைமரியின் (மெயின்ஸ் ஏறும் சுற்று) மொத்த எதிர்ப்பே இரண்டு, மூன்று ஓம்தான். அதில் நாலு சுற்று ஒட்டிக்கொண்டால் மீட்டரில் ஒன்றும் தெரியாது. ஒயர் அறுந்திருந்தால் மட்டும் காட்டும். ஹெச்டி (ஹை டென்ஷன், உயர் வோல்டேஜ்) சுற்றின் இரண்டு பாதியும் ஒரே ஓம் காட்டவில்லை என்று பயப்படவும் வேண்டாம். வெளிப்பக்கம் இருக்கும் பாதிக்கு ஒவ்வொரு சுற்றும் பெரிது, ஒயர் நீளம் அதிகம். ஐந்து பத்து ஓம் வித்தியாசம் சகஜம்.

போனது உறுதியானதும் நான் செய்த அடுத்த தப்பு, 'டீலக்ஸ் ரிவர்ப் டிரான்ஸ்ஃபார்மர்' என்ற பெயரை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறியது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்தப் பெயருக்கு ஒரு மரியாதையும் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் மேல் அச்சடித்த 125பி23 என்ற எண்ணாலும் அங்கே பயனில்லை. 606 என்று தொடங்கும் முத்திரை, அதைச் செய்தது அமெரிக்காவின் ஷூமேக்கர் கம்பெனி என்று சொல்லும். தொடர்ந்து வரும் இலக்கங்கள் ஆண்டும் வாரமும். ஆம்ப்பின் வயசு பார்க்க உதவும், மாற்று வாங்க உதவாது. கேட்க வேண்டியது எண்களை. இந்த ஆம்ப்பின் ஏபி763 சர்க்யூட் தாளில் ஹெச்டி சுற்று 330-0-330 வோல்ட், அதாவது நடு முனையான சென்டர் டேப்பிலிருந்து இரு பக்கமும் 330. அந்தச் சுற்றிலிருந்தே பயாஸுக்கு (பவர் வால்வின் கிரிட் என்ற முனைக்குக் கொடுக்கும் மைனஸ் வோல்டேஜ்) 50 வோல்ட் டேப் ஒன்று. ரெக்டிஃபையருக்கு 5 வோல்ட். மற்ற வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட். இதில் ஆம்பியர்தான் தாளில் இருக்காது, நாமே கூட்ட வேண்டும்.

கூட்டுவது எளிது. 6வி6 ஒன்றுக்கு ஹீட்டர் 0.45 ஆம்ப், இரண்டுக்கு 0.9. சின்ன வால்வுகள் 12ஏஎக்ஸ்7-ம் 12ஏடி7-ம் சேர்த்து ஆறு, 6.3 வோல்ட்டில் ஒன்றுக்கு 0.3 வீதம் 1.8. முகப்பு விளக்கு 47-ம் நம்பர், 0.15. ஆக 2.85 ஆம்ப். 3 ஆம்ப் என்று கேட்டால் போதும், 3.5 என்றால் நிம்மதி. 5ஏஆர்4 ரெக்டிஃபையர் ஹீட்டருக்கு மட்டும் 1.9 ஆம்ப் தின்னும். 5 வோல்ட் 2 ஆம்ப் கட்டாயம். ஹெச்டி பக்கம், இரண்டு 6வி6 முழு வேகத்தில் இழுப்பதையும் ரிவர்ப் (எதிரொலி) டிரைவரையும் மற்றதையும் சேர்த்து 120 மில்லி ஆம்ப் வைத்துக்கொண்டேன். சென்டர் டேப் வைத்து இரண்டு டயோடில் திருத்தும் இந்த மாதிரி சர்க்யூட்டில், சுற்றின் ஏசி கரண்டும் வெளியே எடுக்கும் டிசி கரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். நாலு டயோடு வைத்த பிரிட்ஜ் ரெக்டிஃபையர் என்றால் அப்படியில்லை, ஏசி 1.6 மடங்கு வேண்டும். கேட்டலாக்கில் போட்டிருப்பது ஏசி கரண்டா டிசி கரண்டா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொரு பொறி: சில கேட்டலாக்கில் 330-0-330 என்பதை '660 சென்டர் டேப்' என்று போடுவார்கள். அவசரத்தில் '330 சென்டர் டேப்' என்று எழுதி அனுப்பினால் 165-0-165 வந்து சேரும்.

வெளிநாட்டில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. கனடாவின் குவெல்ஃபில் ஹேமண்ட், கலிஃபோர்னியாவில் மெர்க்குரி மேக்னெட்டிக்ஸ், மிச்சிகனில் ஹேபோயர். பழைய ஆலோசனைகளில் அடிக்கடி வரும் க்ளாசிக்டோன் இப்போது இல்லை. வாங்க வசதி இருந்தால் இதுதான் தலைவலி குறைந்த வழி. ஆனால் இரும்பும் செம்புமாக இரண்டு மூன்று கிலோ கனம், அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தபோது எனக்கு வந்த கணக்கு சாமான் விலையைப் போல இரண்டு பங்கு. அப்படி வாங்குவதென்றால் பிரைமரியில் 220, 230, 240 இருக்கும் ஏற்றுமதி வகையை மட்டும் கேளுங்கள். 120 வோல்ட் உள்ளூர் வகை மலிவாகத் தெரியும். ஆனால் ஆயுசுக்கும் ஒரு ஸ்டெப்-டவுனைச் சுமக்க வேண்டும், அதோடு 60 ஹெர்ட்ஸ் பிரச்சினை (பின்னால் சொல்கிறேன்) அப்படியே நிற்கும்.

பழைய சாமானில் தேடுவதும் நடந்தது. வால்வு ரேடியோ டிரான்ஸ்ஃபார்மரில் 5 வோல்ட்டும் 6.3 வோல்ட்டும் இருக்கும், பார்த்ததும் ஆசை வரும். ஹெச்டி பொதுவாக 250-0-250, கரண்டும் 60, 80 மில்லி ஆம்ப்தான். சத்தம் வரும், பாதி பவரில். அந்தக் கால ஒலிபெருக்கிக்காரர்களின் வால்வு செட்டிலிருந்து கழற்றியது நேர் எதிர், 400-0-400 மாதிரி வரும், 6வி6 தாங்காது. ஃபெண்டரிலேயே ட்வின் ரிவர்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று ஒருவர் நீட்டினார். பெயர் ஒரே குடும்பம்தான். ஆனால் ட்வினில் ரெக்டிஃபையர் வால்வே கிடையாது, அதனால் 5 வோல்ட் சுற்றும் கிடையாது, ரெக்டிஃபையருக்குப் பிறகு ஹெச்டி 460 வோல்ட் டிசி பக்கம் போகும், அளவும் பெரிது.

ஆக, உள்ளூரில் சுற்றுவதுதான் வழி. இங்கேதான் எனக்கு முதல் அடி விழுந்தது. ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் ஒரு கடையில் பழையதைக் கொடுத்தேன். "அதே மாதிரி சுத்திடலாம் தம்பி, டர்ன்ஸ் எண்ணி, பிரைமரியை மட்டும் டபுள் பண்ணா 230 ஆச்சு" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மூன்று வாரம், 3,200 ரூபாய். கொண்டுவந்து, எந்த ஒயரையும் இணைக்காமல் மேஜையில் வைத்து ஓடவிட்டேன். பத்தடிக்குக் கேட்கும் உறுமல், முக்கால் மணி நேரத்தில் தொட முடியாத சூடு. லோடே இல்லாமல்! சீரீஸ் பல்பு போட்டால் அணையாமல் மினுங்கிக்கொண்டே இருந்தது.

அவர் சுற்றியதில் எண்ணிக்கை தப்பில்லை, கணக்குதான் தப்பு. கோருக்குள் ஓடும் காந்தப் பாய்வு வோல்டேஜைப் பொறுத்துக் கூடும், ஃப்ரீக்வென்சி குறைந்தாலும் கூடும். ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று என்பதை மாற்றாமல் 60 ஹெர்ட்ஸிலிருந்து 50-க்கு வந்தால் பாய்வு 20 சதவீதம் எகிறும். 60 ஹெர்ட்ஸில் 1.2 டெஸ்லாவில் (பாய்வின் அடர்த்தியை அளக்கும் அலகு) சுகமாக ஓடிய கோர் இங்கே 1.44-ல் மூச்சு முட்டும். கோரில் அடுக்கியிருக்கும் அந்தக் காலத்து ஸ்டாம்பிங் தகட்டுக்கு அது விளிம்பு. நம் ஊர் ராத்திரி 245 வோல்ட்டும் சேர்ந்தால் விளிம்புக்கு அப்பால். 60 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மரை 'அதே மாதிரி' சுற்றக் கூடாது. ஒன்று, சுற்றுகளை 20 சதவீதம் கூட்ட வேண்டும், அல்லது கோரை 20 சதவீதம் தடிப்பாக்க வேண்டும். சுற்றைக் கூட்டினால் ஜன்னலுக்குள் (தகட்டில் ஒயர் உட்காரும் இடைவெளி) இடம் போதாது, ஒயரை மெலிதாக்க வேண்டிவரும், அது சூடாகும். தடிப்பாக்குவதுதான் சரி.

அதில் ஒரு நல்ல விஷயம் ஒளிந்திருக்கிறது, தெரிந்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. இந்த ஆம்ப்பில் டிரான்ஸ்ஃபார்மர் படுத்த வாக்கில், சேஸிஸில் வெட்டிய சதுர ஓட்டைக்குள் பாதி இறங்கி உட்காரும். ஓட்டையின் அளவையும் நாலு போல்ட் துளைகளின் இடைவெளியையும் தீர்மானிப்பது ஸ்டாம்பிங் தகட்டின் அளவு மட்டும்தான். எத்தனை தகடு அடுக்கினாலும் உயரம்தான் கூடும், துளைகள் மாறாது. தகட்டின் நடுக்கால் 32 மி.மீ., அடுக்கும் 32 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதே தகட்டில் 38 மி.மீ. அடுக்கினால் 50 ஹெர்ட்ஸுக்குக் கணக்கு நேராகிவிடும். சேஸிஸில் ஒரு துளை கூடப் புதிதாகப் போட வேண்டாம். ஒயர் சுற்றும் பாபின் மட்டும் புதிது, போல்ட் 6 மி.மீ. கூடுதல் நீளம். பழைய மேல்மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் புதியதுக்கும் தொப்பி.

முதல் தடவை சுற்றி வாங்கிய டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிறது என்று தெரிந்த பிறகும், 'வால்வு போட்டு ஒரு தரம் சத்தம் வருகிறதா பார்ப்போம்' என்ற ஆசையை அடக்க முடியவில்லை. 7,500 ரூபாய் அந்த ஆசைக்குக் கொடுத்த விலை. ஸ்விட்சைப் போட்டதும் இரண்டு 6வி6-ன் பிளேட்டும் செங்கல் சூளை மாதிரி சிவந்தன, சில விநாடியில் ரெக்டிஃபையருக்குள் நீல மின்னல். பயாஸ் டேப்பின் ஒயரில் எனாமலைச் சுரண்டாமல் அப்படியே ஈயம் வைத்திருந்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது, கரண்ட் போகாது. 50 வோல்ட் வராததால் கிரிடில் மைனஸ் 35 இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். மூன்று வால்வும் குப்பை. 6வி6 சாக்கெட்டின் 5-ம் காலில் மைனஸ் வோல்டேஜைப் பார்க்காமல் அந்த வால்வைச் சொருகவே கூடாது. இதை எங்காவது பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள்.

இரண்டாம் முறை, தேடியது கடையை அல்ல, ஆளை. ஒரு கேள்வி போதும்: "அண்ணே, 660 வோல்ட் சுத்துல லேயருக்கு லேயர் பேப்பர் போடுவீங்களா?" எதற்கு என்று திருப்பிக் கேட்டால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். ஹெச்டி சுற்று இரண்டாயிரத்துக்கு மேல். ஒரு லேயரில் 165 சுற்று என்றால் லேயருக்கு ஏறத்தாழ 50 வோல்ட், இரண்டு லேயரும் சந்திக்கும் ஓரத்தில் 100. எனாமல் அதைத் தாங்கும். பேப்பர் இல்லாமல் தாறுமாறாகச் சுற்றினால் ஓரத்தில் ஒரு சுற்று வழுக்கி நாலு லேயர் கீழே விழும். அங்கே 200 வோல்ட். மேஜையில் நன்றாக ஓடும், ஆறு மாசத்தில் ஒரு மழைக்கால ராத்திரியில் பொரியும்.

இந்த முறை வாய்வார்த்தை வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். 50 ஹெர்ட்ஸ், 1.2 டெஸ்லாவுக்கு மேல் போகக் கூடாது. 12 சதுர செ.மீ. கோருக்கு அது வோல்ட்டுக்கு 3.1 சுற்று சொச்சம். பிரைமரி 220-க்கு 686, 230-க்கு 718, 240-க்கு 749 சுற்றில் டேப், ஒயர் 25 கேஜ். செகண்டரிக்கு லோடில் இறங்குவதைச் சரிக்கட்ட 5 சதவீதம் போல கூட்டி, வோல்ட்டுக்கு 3.25. ஹெச்டி மொத்தம் 2,145 சுற்று, நடுவில் சென்டர் டேப், சென்டரிலிருந்து 162-ம் சுற்றில் பயாஸ் டேப், 33 கேஜ். 5 வோல்ட்டுக்கு 16 சுற்று, 19 கேஜ். 6.3 வோல்ட்டுக்கு 18 கேஜ், கணக்குப்படி இருபதரைச் சுற்று. அரைச் சுற்று கிடையாது. 20 போட்டால் லோடில் 6.15, 21 போட்டால் 6.46. எங்கள் தெருவில் வோல்டேஜ் எப்போதும் கூடத்தான் நிற்கும் என்பதால் 20 என்றேன். கேஜ் எல்லாம் எஸ்டபிள்யூஜி, சதுர மி.மீ.-க்கு இரண்டரை ஆம்ப் என்ற கணக்கில் வந்தவை. நீங்கள் வேறு ஆம்ப்புக்குப் போடுவதென்றால் அந்த இரண்டரையை மட்டும் விட்டுவிடாமல் மற்றதை மாற்றிக்கொள்ளுங்கள்.

தாளில் இன்னும் சில வரி. 5 வோல்ட் சுற்று, பெயருக்குத்தான் 5 வோல்ட். அது ரெக்டிஃபையரில் டிசி வெளிவரும் முனையான கேத்தோடில் உட்கார்ந்திருப்பதால் சேஸிஸிலிருந்து 420 வோல்ட் உயரத்தில் மிதக்கும். ஹீட்டர் சுற்றுக்கும் அதற்கும் நடுவே ஹெச்டிக்குப் போடும் அதே தடிப்பில் இன்சுலேஷன் வேண்டும். பிரைமரிக்கும் ஹெச்டிக்கும் நடுவே செம்புத் தகடு ஷீல்டு கேட்பதானால், தகட்டின் இரு முனையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறலாம், தொடக் கூடாது, நடுவே பேப்பர். தொட்டால் அது ஒரு சுற்று ஷார்ட், மொத்த டிரான்ஸ்ஃபார்மரும் அடுப்பு. கடைசியாக வார்னிஷ்: மேலே பிரஷ்ஷால் பூசுவது அல்ல, முக்கி எடுத்து சூட்டில் காயவைப்பது. 4,200 ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

வாங்கும் இடத்திலேயே லோடு போட்டுப் பாருங்கள். லோடு இல்லாமல் 330 காட்டுவது ஒரு சாட்சியும் இல்லை. ஆம்ப்பில் மாட்டினால் 300-க்கு இறங்கலாம். ஹெச்டிக்கு நான் வைத்தது 25 வாட் குண்டு பல்பு மூன்று, சீரீஸில், இரண்டு சிவப்பு முனைக்கும் குறுக்கே. ஒவ்வொன்றும் 220 வோல்ட் வாங்கி, 100 மில்லி ஆம்ப்புக்குச் சற்று மேல் இழுக்கும். ஹீட்டருக்கு காரின் 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு, 6 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3 ஆம்ப் இழுக்கும். 5 வோல்ட்டுக்கு 2.7 ஓம் 20 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர். எல்லாம் எரிந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொரு பாதியையும் சென்டரிலிருந்து தனித்தனியே அளவெடுங்கள். முனைக்கு முனை 660 வோல்ட்டை சாதாரண மீட்டரில் அளக்கத் துணிய வேண்டாம். கிளிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கியே மாற்றுங்கள். அரை மணி நேரம் மூன்று பல்பும் அசையாமல் எரிந்தன, டிரான்ஸ்ஃபார்மர் கை வைத்துக்கொண்டிருக்கும் சூட்டிலேயே நின்றது. அந்தக் கடையில் ஒரு டீயும் குடித்தேன். நாலு மாசத்தில் ருசியாக இருந்த முதல் டீ.

பிறகு இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் மீட்டர் வைத்து, 1,000 வோல்ட்டில், ஒவ்வொரு சுற்றுக்கும் கோருக்கும் நடுவே, சுற்றுக்குச் சுற்று நடுவே. நூறு மெகா ஓமுக்கு மேல் நின்றால் மாட்டலாம். மெகர் இல்லாத கடை என்றால் பக்கத்து மோட்டார் ரிவைண்டிங் கடையில் இருக்கும்.

மாட்டுவதில் சிக்கல் அதிகம் இல்லை. பழையதை வெட்டும்போது ஒயரில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, உடனே பேர் எழுதி ஒட்டிவிடுங்கள். சூட்டில் சிவப்பும் சிவப்பு-மஞ்சளும் ஒரே பழுப்பாகியிருக்கும். பிரைமரி கறுப்பு, ஹெச்டி சிவப்பு, அதன் சென்டர் சிவப்பு-மஞ்சள், பயாஸ் சிவப்பு-நீலம், ஹீட்டர் பச்சை, ரெக்டிஃபையர் மஞ்சள். ஹீட்டருக்கு சென்டர் டேப் சுற்ற வைத்திருந்தால் அதை கிரவுண்டு செய்யுங்கள். இல்லாவிட்டால் முகப்பு விளக்கில் 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக கிரவுண்டுக்கு. இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டாம். பயன்படாத பிரைமரி டேப்களிலும் கரண்ட் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனியே ஸ்லீவ். பழைய இரண்டு பின் ஒயரை எடுத்து மூன்று கோர் போட்டு, எர்த்தை சேஸிஸில் தனி போல்ட்டில் இறுக்குங்கள். கிரவுண்டு ஸ்விட்சிலிருந்து சேஸிஸுக்குப் போகும் 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரையும் அப்போதே வெட்டி எறியலாம். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியே மெயின்ஸ் ஆகிவிடும். ஃப்யூஸ்: 120 வோல்ட்டில் 2 ஆம்ப் என்றால் 230-ல் 1 ஆம்ப் ஸ்லோ-ப்ளோ.

உயிர் கொடுக்கும் வரிசை இது. வால்வு எதுவும் இல்லாமல் சீரீஸ் பல்பில், பயாஸ் மைனஸ் வருகிறதா பார்த்து, சின்ன வால்வுகளைப் போட்டு ஹீட்டர் வோல்டேஜ் பார்த்து, அதற்கு அப்புறம் ஸ்பீக்கர் மாட்டியிருப்பதை உறுதி செய்து, சீரீஸ் பல்பை எடுத்துவிட்டு 6வி6, ரெக்டிஃபையர் கடைசி. 6வி6-ன் 8-ம் காலில் 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஒரு மில்லி வோல்ட் ஒரு மில்லி ஆம்ப். பிளேட்டின் எல்லை 12 வாட், அதில் எழுபது சதவீதம் 8.4. 415 வோல்ட் பக்கம் என்றால் பிளேட்டுக்கு 20, ஸ்கிரீனுக்கு ஒன்று சேர்த்து 21 மில்லி ஆம்ப்பில் பயாஸைத் திருகும் பொட்டென்ஷியோமீட்டரை நிறுத்தினேன்.

பகலில் 232 வோல்ட் இருந்தபோது ஹெச்டி 418, ஹீட்டர் 6.2, எல்லாம் தாளில் எழுதியபடி. ராத்திரி பத்து மணிக்கு மறுபடி பார்த்தால் சுவரில் 246, ஹெச்டி 443. அணைத்து, கெபாசிட்டரை இறக்கி, பிரைமரி ஒயரை 230-லிருந்து 240 டேப்புக்கு மாற்றினேன். 425-க்கு வந்தது. அங்கேயே விட்டுவிட்டேன்.